முடி யாருக்கு? அய்யா வைகுண்டர் வாழ்வு காட்டும் அரச நீதி

காஞ்சிபுரத்திலிருந்து மேற்கே வேலூர் போகும் நெடுஞ்சாலையில் இருக்கிறது தாமல். கடல் போல விரிந்த ஏரி, கரைக்குக் கீழே வயல், சுற்று வட்டாரத்தில் தறி என்று பிழைக்கும் பூமி. இந்தச் சாலை பார்க்காத அரசாங்கம் இல்லை. பல்லவர்கள் காஞ்சியைத் தலைநகராக வைத்து ஆண்டார்கள். பின்பு சோழர் வந்தார்கள், விஜயநகரத்தார் வந்தார்கள், ஆற்காட்டு நவாபு வந்தார். 1780ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் காஞ்சிக்குப் பக்கத்துப் புள்ளலூரில் ஐதர் அலியின் படை கும்பெனிப் படையைத் தோற்கடித்தது. தோற்ற அந்தக் கும்பெனிதான் பிற்காலத்தில் நாடு முழுவதையும் ஆண்டது.

கொடிகள் மாறின, முத்திரைகள் மாறின. ஆனால் ஏர் பிடித்தவனும் தறியில் உட்கார்ந்தவனும் எல்லோருக்கும் வரி கட்டினார்கள். தறிக்கென்று தறியிறை என்ற வரியே இருந்ததைப் பழைய கல்வெட்டுகள் சொல்கின்றன. அரசன் யார் என்று தெரியாத குடியானவனுக்கும் வரி வாங்க வருகிறவன் யார் என்று தெரியும்.

அப்படியானால் அரசு என்பது என்ன? அரண்மனையா, படையா, வரியா? ஒருவனுக்கு மற்றவர்களை ஆளும் உரிமையை யார் கொடுத்தது? எந்த அரசன் உண்மையான அரசன், எவன் நீசன்? இந்தக் கேள்விகளுக்கு விடை தேடிப் பெரிய புத்தகங்களைப் புரட்ட வேண்டியதில்லை. காஞ்சியில் நெய்யும் துணி உலகமெல்லாம் தோளிலும் தலையிலும் ஏறுகிறது. இங்கிருந்து தெற்கே 600 கிலோமீட்டருக்கும் அப்பால் ஒரு நாட்டில், தோளில் துணி போடுவதும் தலையில் துணி கட்டுவதும் அரச குற்றமாக இருந்தது. அந்த நாட்டில் அய்யா வைகுண்டர் வாழ்ந்து காட்டிய வாழ்க்கையே இதற்கு விடை.

பெயரில் இருந்த முடி

திருவிதாங்கூர் ராஜ்யத்தின் தென்கோடியில், நாகர்கோவிலுக்குத் தென்கிழக்கே சாஸ்தான்கோவில்விளை என்று ஒரு சிற்றூர். இன்று அன்புக்கொடி மக்கள் சுவாமிதோப்பு என்று கைகூப்பிச் சொல்லும் தலைமைப்பதி அதுதான். அங்கே பொன்னுமாடன், வெயிலாள் என்ற ஏழைத் தம்பதியருக்கு 1809ஆம் ஆண்டு ஓர் ஆண் குழந்தை பிறந்தது. பனையேறியும் கூலி வேலை செய்தும் வயிறு கழுவிய சான்றோர் குடும்பம். ஆனாலும் பெற்றோர் பிள்ளைக்கு ஆசையோடு வைத்த பெயர் முடிசூடும் பெருமாள்.

அந்தப் பெயர் நிலைக்கவில்லை. முழங்காலுக்குக் கீழே வேட்டி இறக்கக் கூடாத சாதியில் பிறந்த பிள்ளைக்கு முடிசூடும் பெருமாள் என்ற பெயரா என்று மேல்சாதியார் சினந்தார்கள். அதிகாரிகள் வரை பேச்சு போனது. பயந்துபோன பெற்றோர் பெயரை மாற்றி முத்துக்குட்டி என்று அழைத்தார்கள்.

இதைச் சின்ன விஷயம் என்று கடந்துபோக முடியாது. படையும் கோட்டையும் கருவூலமும் உள்ள ஓர் அரசுக்கு, தொட்டிலில் கிடக்கும் ஏழைப் பிள்ளையின் பெயரைக் கண்டு என்ன பயம்? ஏழையின் பிள்ளை தன்னை ராஜா என்று நினைத்துவிட்டால், அவன் முதுகில் ஏறி உட்கார்ந்திருக்கும் ராஜா இறங்க வேண்டிவரும் என்ற பயம்தான். அதிகாரம் எங்கே குடியிருக்கிறது என்பதை அய்யாவின் பிள்ளைப்பெயரே காட்டிக் கொடுத்துவிட்டது. அது அரண்மனையைவிட அதிகமாக, அடங்கிப் போகிறவனின் மனத்தில்தான் குடியிருக்கிறது.

திருவிதாங்கூர் அரசு நின்ற கால்கள்

அய்யா பிறந்த அதே 1809ஆம் ஆண்டில்தான் திருவிதாங்கூர் கும்பெனியின் காலடியில் விழுந்தது. தளவாய் வேலுத்தம்பி கும்பெனியை எதிர்த்து எழுந்தார். பிப்ரவரி மாதம் கும்பெனிப் படை ஆரல்வாய்மொழிக் கணவாயின் கோட்டை வரிசையை உடைத்து உள்ளே வந்தது. வேலுத்தம்பி மண்ணடியில் உயிரை மாய்த்துக்கொண்டார். அதற்கு முன்பே, 1805ஆம் ஆண்டு உடன்படிக்கைப்படி, திருவிதாங்கூர் ஆண்டுதோறும் 8 லட்சம் ரூபாய் கும்பெனிக்குக் கட்ட வேண்டியிருந்தது. அரண்மனையில் ராஜா இருந்தார். ராஜாவுக்குப் பக்கத்தில் கும்பெனியின் ரெசிடெண்ட் இருந்தார்.

ராஜா கும்பெனிக்குக் கப்பம் கட்டினார். அந்தப் பணம் எங்கிருந்து வந்தது? குடிகளிடமிருந்துதான் வந்தது. அதிலும் கீழே கிடந்த குடிகள்மேல் வரிக்குமேல் வரி விழுந்தது. ஆள் உயிரோடு இருப்பதற்குத் தலைவரி. பனைக்கு வரி. பனையேறும் ஏணிக்கு ஏணிக்காணம், காலில் மாட்டும் தளைநாருக்குத் தளைக்காணம். இவை போதாதென்று ஊழியம். அரசாங்கமும் கோவிலும் கேட்ட ஓலையையும் விறகையும் உப்பையும் கூலியில்லாமல் சுமந்து கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். அன்றைக்கு வீட்டில் அடுப்பு எரியுமா எரியாதா என்று யாரும் கேட்க மாட்டார்கள்.

உடம்பின்மேலும் அரசின் கை இருந்தது. தாழ்த்தப்பட்ட குலத்து ஆண் தலைப்பாகை கட்டக் கூடாது, குடை பிடிக்கக் கூடாது, செருப்புப் போடக் கூடாது. பெண் இடுப்பில் குடம் வைத்து நடக்கக் கூடாது, தோள்சீலை போடக் கூடாது. மேல்சாதியார் எதிரே வந்தால் விலகி நிற்க வேண்டும். மிஷனரிகள் நாகர்கோவில் பக்கம் வந்தபின் கிறிஸ்தவத்தில் சேர்ந்த பெண்கள் மார்பை மறைக்கத் தொடங்கினார்கள். கலகம் மூண்டது. 1829ஆம் ஆண்டு அரசாங்கமே விளம்பரம் போட்டு, மேல்சாதிப் பெண்களைப் போல அவர்கள் தோள்சீலை அணியக் கூடாது என்று தடுத்தது. ஒரு தாய் தன் மார்பை மூட அரசாங்கத்தின் உத்தரவு வேண்டும் என்ற நிலை.

இத்தனைக்கும் அந்த அரசு தன்னைத் தர்ம ராஜ்யம் என்றே சொல்லிக்கொண்டது. 1750ஆம் ஆண்டு மார்த்தாண்ட வர்மா தம் வாளையும் ராஜ்யத்தையும் திருவனந்தபுரம் பத்மநாப சுவாமியின் திருப்படியில் வைத்து, இனிமேல் நாடு பெருமாளுடையது, அரசர் அவருடைய தாசர் மட்டுமே என்று அர்ப்பணம் செய்தார். அதுமுதல் அங்கே ஆண்ட ஒவ்வோர் அரசரும் பத்மநாபதாசர் என்றே பெயர் பூண்டார். அரசன் தெய்வத்தின் காரியஸ்தன், சொத்து தெய்வத்தினுடையது என்பது உயர்ந்த கொள்கைதான். ஆனால் காரியஸ்தன் முதலாளியின் பெயரைச் சொல்லி முதலாளியின் பிள்ளைகளையே அடித்து வாங்கினால் என்ன ஆகும்? ஒருநாள் முதலாளி நேரிலே வந்து கணக்குக் கேட்பார். அய்யாவின் அவதாரத்தை அன்பர்கள் அப்படித்தான் காண்கிறார்கள்.

கடலுக்குள் போனவரும் கடலிலிருந்து வந்தவரும்

முத்துக்குட்டி வளர்ந்தார். வீட்டிலே பீடம் வைத்துத் திருமாலை வணங்கினார். பனையேறினார், கூலி வேலைக்குப் போனார். திருமாலம்மாளோடு குடும்பம் நடத்தினார். இருபது வயதைத் தாண்டியபின் கொடிய நோய் வந்து படுக்கையில் தள்ளியது. வைத்தியம் பலிக்கவில்லை. கொல்லம் 1008ஆம் ஆண்டு, அதாவது 1833ஆம் ஆண்டு மாசி மாதம், திருச்செந்தூர்த் திருவிழாவுக்கு அவரைக் கொண்டுபோனார்கள். மகனை எப்படியாவது பிழைக்க வைக்க வேண்டும் என்ற தவிப்போடு தாய் வெயிலாளும் கூடவே நடந்தார்.

திருச்செந்தூர்க் கடலில் இறங்கிய முத்துக்குட்டி அலைக்குள் மறைந்தார். தாய் கரையிலே அழுது நின்றார். மூன்றாம் நாள், மாசி 20 அன்று, கடலிலிருந்து அவர் வெளிவந்தார். வந்தவர் நோயாளி முத்துக்குட்டி அல்லர், நாராயணரின் பிள்ளையாய் அவதரித்த வைகுண்டர் என்பது அகிலத்திரட்டு அம்மானை தரும் சேதி. பெற்ற தாய்க்கும் அவர் இதை உணர்த்திவிட்டு, கடற்கரை வழியே நடந்து தம் ஊர் வந்து சேர்ந்தார்.

அதே 1833ஆம் ஆண்டில் பிரிட்டன் தன் குடியேற்ற நாடுகளில் அடிமை முறையை ஒழிக்கச் சட்டம் இயற்றியது. ஆனால் கும்பெனி ஆண்ட நாடுகளை அந்தச் சட்டத்திலிருந்து விலக்கி வைத்தது. லண்டனில் எழுதிய நீதி நம் கடற்கரைக்கு வந்து சேரவில்லை. நம் கடற்கரைக்கு வைகுண்டர் வந்தார்.

தவமும் ஜனக்கூட்டமும்

சுவாமிதோப்பில் அய்யா ஆறு ஆண்டு தவத்தை மேற்கொண்டார். முதல் தவம் ஆறடிக் குழிக்குள், அடுத்தது தரையில், கடைசி உயர்ந்த இருப்பில். கலியுகம் மாறித் தர்மயுகம் பிறக்க ஒரு தவம், சாதியால் நசுக்கப்பட்ட மக்களுக்காக ஒரு தவம், பெண்களுக்காக ஒரு தவம் என்று அன்பர்கள் அதைப் போற்றுகிறார்கள். மண்ணுக்குள்ளே அழுத்தப்பட்டவர்களுக்காக மண்ணுக்குள்ளே இறங்கித்தான் அய்யா தவத்தைத் தொடங்கினார்.

செய்தி பரவியது. நோயாளிகள் வந்தார்கள், பதமும் மண்ணும் பெற்றுச் சுகமடைந்தார்கள். பதினெட்டுச் சாதி மக்களும் வந்தார்கள். எட்ட நிற்க வேண்டியவனும் கிட்ட நிற்கலாம் என்ற ஓர் இடம் திருவிதாங்கூரிலே அதுவரை இல்லை. சாதி சாதியாய்ப் பிரிந்து நின்றவர்கள் அங்கே ஒரே கூட்டமாய் நின்றார்கள்.

அய்யாவின் வாக்கும் கூர்மையாக இருந்தது. அநியாய வரி வாங்கும் அனந்தபுரத்து அரசனை அவர் கலிநீசன் என்றார். கடல் கடந்து வந்து ஆண்ட வெள்ளைக்காரனை வெண்நீசன் என்றார். தாழக் கிடப்பவரைக் கைதூக்கிக் காப்பதே தர்மம், அதைச் செய்யாதவன் சிங்காசனத்தில் இருந்தாலும் நீசனே என்பது அய்யாவின் நியாயம். நீசன் என்று ஊரார் யாரைச் சொன்னார்களோ அவர்களைச் சான்றோர் என்றார். யாரைப் பொன்னுத்தம்புரான் என்று கும்பிட்டார்களோ அவரை நீசன் என்றார். பிறப்பை வைத்துப் போட்டிருந்த கணக்கை அய்யா செய்கையை வைத்துத் திருத்தி எழுதினார்.

இதைத்தான் அரசு பொறுக்கவில்லை. வரிப்பணத்தில் பத்து ரூபாய் குறைந்தால் அரசுக்கு நஷ்டம். தன்மேல் இருந்த பயம் குறைந்தால் அரசே இல்லை.

பூவண்டர் சொன்ன புத்தி

அப்போது அரியணையில் இருந்தவர் சுவாதித் திருநாள் ராம வர்மா. 1829ஆம் ஆண்டு ஆட்சிப் பொறுப்பேற்றார், 1846 வரை ஆண்டார். சங்கீதத்தில் பெரிய ஞானி என்று உலகம் இன்றும் கொண்டாடுகிறது. பத்மநாப சுவாமிமேல் கீர்த்தனைகள் செய்தவர். ஒரு மனிதரிடம் கல்வி இருக்கலாம், கலை இருக்கலாம், பக்தியும் இருக்கலாம். இவை எல்லாம் இருந்தும், கீழே கிடப்பவனின் அழுகுரல் காதில் விழாமல் போகலாம். அரண்மனைச் சுவர் அவ்வளவு தடிமன்.

அரசர் சுசீந்திரத்துக்கு வந்திருந்தபோது, அய்யாவைப் பற்றி மேல்சாதியார் புகார் கொண்டுபோனார்கள். பனையேறும் குலத்தான் ஒருவன் தன்னை நாராயணர் என்கிறான், நாட்டை ஒரு குடைக்குள் ஆளப் போவதாகச் சொல்கிறான், சனங்களை எல்லாம் கூட்டுகிறான் என்று சொன்னார்கள். அந்தச் சபையில் ஆயர் குலத்தைச் சேர்ந்த பூவண்டர் எழுந்து அரசனுக்குப் புத்தி சொன்னதை அகிலத்திரட்டு விவரிக்கிறது. பெருமாள் எந்தக் குலத்தில் வருவார் என்று மனிதன் தீர்மானிக்க முடியாது, உயர்ந்த குலத்தில்தான் வருவார் என்று இருக்கக் கூடாது, ஆராயாமல் கைவைத்தால் ராஜ்யத்துக்குக் கேடு என்பதே அந்தப் புத்தியின் சாரம். அரசன் கேட்கவில்லை.

ஓர் அரசின் தராதரத்தை அறிய இந்த ஒரு நிகழ்ச்சி போதும். பிடிக்காததைச் சொல்ல ஒரு பூவண்டர் சபையில் இருப்பது அரசனின் பாக்கியம். அவர் சொல்லைக் கேட்பது அரசனின் கடமை. பூவண்டர்களை ஒதுக்கிவிட்டுத் துதிபாடிகளை வைத்துக்கொள்ளும் நாளில், வாசலில் எத்தனை காவல் நின்றாலும் உள்ளே அரசு செத்துவிடுகிறது.

சிறையிருந்தும் சிறைப்படாதவர்

அரசனின் சேவகர்கள் சுவாமிதோப்புக்கு வந்தார்கள். சுற்றி நின்ற மக்கள் கொதித்தார்கள். சேவகர்கள் கொஞ்சம் பேர், மக்கள் ஏராளம். அய்யா ஒரு சொல் சொல்லியிருந்தால் அன்றைக்கே ரத்தம் ஓடியிருக்கும். அய்யா அந்தச் சொல்லைச் சொல்லவில்லை. பொறுத்திருங்கள் என்று மக்களை அமர்த்திவிட்டு, தாமே சேவகர்களோடு நடந்தார். அவரைக் கட்டினார்கள், அடித்தார்கள், இழுத்துக்கொண்டு சுசீந்திரம் போனார்கள். அங்கே நஞ்சு கலந்த பாலைக் கொடுத்துப் பார்த்தார்கள். அய்யாவுக்கு ஒன்றும் நேரவில்லை.

பிறகு திருவனந்தபுரம் கொண்டுபோய்ச் சிங்காரத்தோப்பில் சிறை வைத்தார்கள். சுண்ணாம்புக் காளவாயிலும் மிளகாய்ப் புகையிலும் வைத்துச் சோதித்ததையும், பசித்த புலியின் கூண்டுக்குள் விட்டபோது புலி பணிந்து படுத்ததையும் அன்பர்கள் ஏடு வாசிப்பில் கேட்டுக் கண்ணீர் விடுவார்கள். உடம்பை வருத்துவதுதான் அந்த அரசுக்குத் தெரிந்த ஒரே பாஷை. உடம்பு வருந்தியும் மனம் வளையாத ஒருவரிடம் அந்தப் பாஷை செல்லவில்லை.

கடைசியில் அரசு இறங்கி வந்தது. தம் சாதியாரோடு மட்டும் இருந்துகொள்வேன், மற்றச் சாதியாரைக் கூட்ட மாட்டேன் என்று எழுதிக் கையொப்பம் போட்டால் விட்டுவிடுவதாகச் சொன்னார்கள் என்று வழிவழியாகச் சொல்லப்படுகிறது. இந்த நிபந்தனையை உற்றுப் பார்க்க வேண்டும். சாமி கும்பிடாதே என்று அரசு கேட்கவில்லை. வைத்தியம் பார்க்காதே என்றும் கேட்கவில்லை. சாதியைக் கலக்காதே என்று மட்டும் கேட்டது. ஒவ்வொருவரும் அவரவர் கொட்டிலில் நிற்கும்வரை அந்த அரசுக்கு ஆபத்து இல்லை. கொட்டிலைத் தாண்டி எல்லோரும் ஒரு பந்தியில் உட்கார்ந்தால், அதற்குமேல் எதைச் சொல்லி ஆள்வது?

அய்யா கையொப்பம் போடவில்லை. தாம் வந்த வேலைக்கு எல்லை கட்டிக்கொண்டு வெளியே வருவதைவிடச் சிறையே மேல் என்று இருந்தார். குறித்த நாள் வந்ததும் அரசே அவரை விட்டது. இழுபட்டுப் போன அய்யாவை அன்புக்கொடி மக்கள் வாகனத்தில் வைத்துத் தோளில் சுமந்துகொண்டு சுவாமிதோப்புக்குத் திரும்பினார்கள். தலைவரி கட்டிய தோள்கள், கூலியில்லாமல் ஊழியம் சுமந்த தோள்கள், அன்றைக்குத்தான் தங்கள் சொந்த இஷ்டத்தோடு ஒருவரைச் சுமந்தன.

அய்யா நடத்திய ஆட்சி

சிறையிலிருந்து வந்தபின் அய்யா படை திரட்டவில்லை, கோட்டை பிடிக்கவில்லை. ஆனால் ஓர் ஆட்சியை நடத்திக் காட்டினார்.

முதலில் துவையல் தவசு. 700 குடும்பங்கள் கடற்கரைக்குப் போய், வாகைப்பதியிலும் பிறகு முட்டப்பதியிலும் தங்கி, நாள்தோறும் துவைத்துக் குளித்து, ஒருவேளை உண்டு, ஒழுக்கமாய் வாழ்ந்தார்கள். அழுக்குப் பிறவி என்று ஒதுக்கப்பட்டவர்களை ஊரிலேயே சுத்தமானவர்களாக அய்யா மாற்றினார். ஆளப்படுகிறவன் தன்னைத் தானே ஆளப் பழகினால், பிறகு அவனை அடக்கி ஆள்வது கடினம்.

அடுத்தது தண்ணீரும் சோறும். சுவாமிதோப்பில் முத்திரிக் கிணறு தோண்டப்பட்டது. எந்தச் சாதியாரும் அந்த ஒரே கிணற்றில் தண்ணீர் எடுத்தார்கள், குளித்தார்கள். பக்கத்தில் பக்கமாய் உட்கார்ந்து ஒரே பந்தியில் உண்டார்கள். ஊருக்கு ஊர் நிழல்தாங்கல்கள் எழுந்தன. வழிபோக்கனுக்கு நிழல், பசித்தவனுக்கு அன்னம், பிள்ளைக்குக் கல்வி என்று தாங்கல்கள் தாங்கின.

பிறகு காணிக்கை. அய்யா காணிக்கை வேண்டாம் என்றார், கைக்கூலி வேண்டாம் என்றார். அரசன் வரி கேட்டான், பூசாரி தட்சணை கேட்டான், மந்திரவாதி ஆடும் கோழியும் கேட்டான். கேட்காத ஒரு ராஜாவை மக்கள் அன்றைக்குத்தான் கண்டார்கள். வாங்குகிறவன் கொடுப்பவனுக்குமேல் அதிகாரம் செய்யத் தொடங்குவான் என்பதை அய்யா நன்றாக அறிந்திருந்தார். அதனால்தான் தம் பதியிலும் அந்த வாசலை முதலிலேயே அடைத்தார்.

எல்லாவற்றுக்கும் மேலாகத் தலைப்பாகை. பதிக்குள் வருகிற ஆண்கள் எல்லோரும் தலைப்பாகை கட்டி வர வேண்டும் என்று அய்யா விதித்தார். எது அரசனுக்கும் மேல்சாதிக்கும் மட்டும் உரியதாக இருந்ததோ, அது பனையேறியின் தலையில் ஏறியது. தொட்டிலிலேயே முடி பறிக்கப்பட்ட முடிசூடும் பெருமாள், முடியைத் தாம் மட்டும் சூடிக்கொள்ளாமல் வந்தவர் எல்லோருக்கும் சூட்டினார். பள்ளியறையில் ஒரு நிலைக்கண்ணாடியும் இரு பக்கம் விளக்கும் வைக்கச் செய்தார். தலைப்பாகை கட்டி, நெற்றியில் திருநாமம் இட்டு நிற்பவன் அந்தக் கண்ணாடியில் யாரைக் காண்பான்? தன்னையே காண்பான். உள்ளே இருக்கிற இறைவனைக் காண்பான். யாருக்கும் குனியத் தேவையில்லாத ஒருவனைக் காண்பான்.

ஏடும் கணக்கும்

அய்யாவின் ஐந்து சீடர்களில் ஒருவரான அரிகோபாலன் சீடர் கொல்லம் 1016ஆம் ஆண்டு கார்த்திகையில் அகிலத்திரட்டு அம்மானையை ஏட்டில் எழுதினார். அரண்மனைக் கணக்கர்கள் வரி பாக்கியை எழுதிக்கொண்டிருந்த காலத்தில், அரண்மனை செய்த பாவத்தின் கணக்கு ஒரு பனையோலையில் ஏறியது. எந்தப் பனைக்கு அரசு வரி வாங்கியதோ அந்தப் பனையின் ஓலைதான் அது.

கலி என்பது ஒரு ராஜாவின் பெயர் என்று அன்பர்கள் நினைத்துவிடக் கூடாது. சுவாதித் திருநாள் போனார், வேறு அரசர் வந்தார், கும்பெனி போனது, ராணியின் ஆட்சி வந்தது. கலி போகவில்லை. பிறரைத் தாழ்த்தித் தான் உயர வேண்டும் என்ற ஆசை எங்கே இருக்கிறதோ அங்கே கலி உட்கார்ந்திருக்கிறது. அது அரண்மனையிலும் உட்காரும், அலுவலக நாற்காலியிலும் உட்காரும், சங்கத் தலைவர் பதவியிலும் உட்காரும், வீட்டில் கணவன் மனத்திலும் உட்காரும். அதனால்தான் அய்யா ராஜாவை மாற்றுவதோடு நிற்காமல் மனத்தை மாற்ற வந்தார்.

1851ஆம் ஆண்டு ஜூன் மாதம், கொல்லம் 1026 வைகாசி 21 அன்று, அய்யா வைகுண்டம் எழுந்தருளினார். சுவாமிதோப்பில் அந்த இடமே இன்று நாம் வலம் வந்து வணங்கும் பதி.

அரசு போனது, தலைப்பாகை நின்றது

அய்யா போட்ட விதை பின்னால் முளைத்தது. 1859ஆம் ஆண்டு, சென்னை ஆளுநர் ட்ரெவெலியன் நெருக்கியபின், திருவிதாங்கூர் அரசு பெண்கள் மார்பை மறைத்துக்கொள்ள அனுமதி தந்தது. அப்போதும் மேல்சாதிப் பெண்களைப் போல உடுத்தக் கூடாது என்ற நிபந்தனையை விட மனம் வரவில்லை. 1865ஆம் ஆண்டு தலைவரியும் அதோடு ஒட்டிய சில்லறை வரிகளும் நீங்கின. 1936ஆம் ஆண்டு கோவில் கதவுகள் எல்லோருக்கும் திறந்தன. 1949ஆம் ஆண்டு திருவிதாங்கூர் தனி ராஜ்யமாக இருப்பதும் முடிந்தது. 1956 நவம்பர் 1 அன்று அய்யா பிறந்த மண் கன்னியாகுமரி மாவட்டமாகத் தமிழ்நாட்டோடு சேர்ந்தது.

இந்த உத்தரவுகளை எல்லாம் அரசுகள் போட்டன. ஆனால் எந்த அரசும் தானாக மனமிரங்கிப் போடவில்லை. குனிந்தவர்கள் நிமிர்ந்த பிறகுதான் உத்தரவு வந்தது. காகிதத்தில் உரிமை வருவதற்கு முன்பே, சுவாமிதோப்பில் தலைப்பாகை கட்டியாகிவிட்டது.

இப்போது ஒவ்வோர் ஆண்டும் மாசி 20 அவதாரத் திருநாளுக்கு முன்தினம் திருவனந்தபுரத்திலிருந்தும் திருச்செந்தூரிலிருந்தும் அன்பர்கள் வாகனப் பவனியாக நாகர்கோவில் வருகிறார்கள். மறுநாள் காலை அங்கிருந்து காவிக்கொடியும் தலைப்பாகையுமாய்ச் சுவாமிதோப்புக்கு நடக்கிறார்கள். அய்யாவைக் கட்டி இழுத்துப்போன ராஜ்யத்தின் தலைநகரிலிருந்தே அய்யாவின் ஊர்வலம் புறப்படுகிறது. அந்த நாளுக்கு அரசாங்கமே விடுமுறை விடுகிறது. சிறை வைத்த அரசு போன இடம் தெரியவில்லை. சிறையிருந்தவரின் பெயர் காதில் நிறைந்திருக்கிறது.

அன்பர்களே, தாமல் ஏரிக்கரையில் நிற்கும் குடியானவனுக்கும் காஞ்சித் தறியில் பாவு போடும் தொழிலாளிக்கும் இன்றைக்கு ராஜா இல்லை. ஓட்டுச் சீட்டு என்ற முடியைச் சட்டம் அவரவர் தலையிலேயே வைத்திருக்கிறது. அதைப் பணத்துக்கும் சாதிக்கும் கழற்றிக் கொடுத்துவிட்டு, பிறகு ஆள்பவன் நீசன் என்று புலம்பினால் அய்யாவின் கண்ணாடி நம்மைத்தான் காட்டும். ஆட்சியில் இருப்பவர் யாராயினும் ஒரே அளவுகோலால் அளக்க வேண்டும்: தாழக் கிடப்பவன் இவரால் எழுந்தானா, இன்னும் கீழே போனானா? நமக்குக் கையில் ஒரு சின்ன அதிகாரம் கிடைத்தாலும், தாங்கலில் அன்னம் வைக்கும் கரண்டி அளவு அதிகாரமாக இருந்தாலும், அதே அளவுகோலால் நம்மை நாமே அளந்துகொள்ள வேண்டும்.

அடுத்தமுறை உகப்படிப்புக்கு முன் தலைப்பாகையைச் சுற்றும்போது, அந்தத் துணியை ஒரு பிள்ளையின் பெயரிலிருந்துகூடப் பறித்த ஓர் அரசு இருந்தது என்பதை நினைத்துக்கொள்வோம். அதை நம் தலையில் கட்டியவர் யார் என்பதையும் நினைத்துக்கொள்வோம்.

அய்யா உண்டு.